சேலத்தில் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறீர்களா? புரத மடிப்பு ஆராய்ச்சிக்குப் போக ஒரு வழி

எம்.எஸ்சி. மாணவிகள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, "மேடம், நெட் தேர்வுக்கு எந்த புக் படிக்கணும்?" நான் திருப்பிக் கேட்பது, "உனக்கு எந்தப் புரதத்தை நல்லாத் தெரியும்?" பெரும்பாலும் பதில் வராது. அமினோ அமிலச் சங்கிலியான புரதம் எப்படி மடிந்து தன் வடிவத்துக்கு வருகிறது என்று ஆராய ஆசைப்படுகிறவர்கள், தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு புரதத்தோடு நன்றாகப் பழகிவிட வேண்டும் என்பது என் கட்சி.

லைசோசைமை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருப்பது. 129 அமினோ அமிலங்கள், நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள் (கந்தக அணுக்கள் போடும் முடிச்சு), ஆறு டிரிப்டோஃபேன்கள் (ஒளிரக்கூடிய ஓர் அமினோ அமிலம்). விலையும் குறைவு, லேசில் கெடாது. புரத அமைப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்திலிருந்து அதன் அமைப்பை இறக்கி, கைமெராஎக்ஸ் மென்பொருளில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்த டிரிப்டோஃபேன் உள்ளே பதுங்கியிருக்கிறது, எது தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறது என்று குறித்துவையுங்கள். சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பியிருக்கிறது என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தையும் போடுங்கள். 1963-ல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டது அது. இன்றைக்கும் எந்த நாட்டில் யார் புரத அமைப்பைக் கண்டறிந்தாலும் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அப்புறம் அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். புரதத்தை அவிழ்க்கப் பயன்படும் யூரியாவுக்கு லைசோசைம் அவ்வளவாக அசைந்து கொடுக்காது, அதைவிட வலுவான குவானிடின் ஹைட்ரோகுளோரைடு வாங்குங்கள். 8 மோலார் கரைசல் 25 மில்லி வேண்டுமென்றால் 19.1 கிராம். எடுத்த எடுப்பில் 25 மில்லி பஃபரை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) ஊற்றிவிடக் கூடாது, அந்தப் பொடியே பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து மில்லிக்கும் குறைவாக ஊற்றிக் கலக்கத் தொடங்குங்கள். கரையக் கரைய பீக்கர் சில்லிட்டுப் போகும், கையில் பிடித்தாலே தெரியும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து, பி.எச். சரிசெய்து, கடைசியில் அளவுகோடு வரை நிரப்புங்கள். ஒளிவிலகலை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் உண்மையான செறிவை அதில் பார்த்துவிடுங்கள். தராசை மட்டும் நம்புவது போதாது.

பூஜ்யத்திலிருந்து 7 மோலார் வரை வரிசையாகக் குழாய்கள். 4 மோலாரை ஒட்டி நெருக்கமாக வையுங்கள், மாற்றம் நடப்பது அந்தப் பகுதியில்தான். எல்லாவற்றிலும் புரதத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். இரவு முழுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஃப்ளூரிமீட்டரில் (ஒளிர்வை அளக்கும் கருவி) டிரிப்டோஃபேனைத் தூண்டும் 295 நானோமீட்டர் ஒளி கொடுத்து, அது திருப்பித் தரும் ஒளியை 310 முதல் 400 வரை அளந்து வாங்குங்கள். புரதம் அவிழ்ந்தால் ஒளிர்வின் உச்சி 350-ஐ நோக்கி நகரும். உங்கள் கல்லூரியில் ஃப்ளூரிமீட்டர் இல்லையென்றால், துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, கருவி இருக்கிற இடத்தில் ஒருநாள் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

இத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பாதி வேலை இன்னும் மிச்சம். முழுக்க அவிழ்ந்த புரதத்தை எடுத்து, குவானிடின் குறைந்த பஃபர்களில் நீர்க்கச் செய்து, அதே அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். அவிழும்போது வந்த கோடும் மடியும்போது வந்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால்தான் கிப்ஸ் ஆற்றல் (புரதம் எவ்வளவு உறுதியாக மடிந்திருக்கிறது என்பதன் அளவு) கணக்குப் போட உங்களுக்கு உரிமை. அன்ஃபின்சன் 1972-ல் நோபல் வாங்கிய வேலையின் உயிர்நாடியே, அவிழ்த்த ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதம் தானாகத் திரும்பி மடிந்ததுதான். நேர்முகத் தேர்வில் "ரிவர்சிபிளா?" (அவிழ்ந்தது திரும்ப மடிகிறதா) என்ற கேள்வி வராமல் போகாது.

இன்னொன்றும் கேட்பார்கள்: புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் வந்துவிட்டதே, 2024 நோபலும் கொடுத்தாயிற்றே, இனி என்ன பாக்கி? அது சொல்வது மடிந்து முடிந்த வடிவத்தை. எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் மடிகிறது, எங்கே தடுமாறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்பதற்கெல்லாம் இன்னும் குழாயும் கையும் வேண்டும்.

தேர்வு விஷயம் சுருக்கமாக: சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 முதல் அதுதான் தொகை. கேட் எழுதுகிறவர்கள் உயிர் அறிவியல் தாளில் பயோகெமிஸ்ட்ரி பகுதியை எடுக்கலாம். அதற்கு முன்பே அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருக்கலாம். ராமச்சந்திரன் தொடங்கிய மாலிக்யூலர் பயோஃபிசிக்ஸ் துறை பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் இருக்கிறது. காலையில் சேலத்தில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

வீட்டில் என்ன சொல்வது? எங்களுடையது அம்மாப்பேட்டைத் தறிக்குடும்பம். பட்டுநூலை சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சும்போது கழன்று போவது செரிசின் என்ற புரதம், நூலாக நிற்பது ஃபைப்ராயின். அது அடுக்கடுக்காக மடிந்திருப்பதால்தான் இழைக்கு அந்த பலம் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஏம்மா, அப்ப நாங்க இத்தனை வருசமா உன் வேலையைத்தான் பார்த்துட்டு இருந்தமா?" என்றார். அதன்பிறகு பெங்களூரு போவதற்கு அவர் தடை சொல்லவில்லை.

கல்யாணம், குழந்தை என்று இடைவெளி விழுந்தவர்களுக்கு: ஜேன் கிளார்க்கைப் பற்றிப் படியுங்கள். பல வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, நாற்பது வயதை ஒட்டி கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட்டிடம் பிஎச்.டி. செய்யப் போனவர். புரத மடிப்பில் பெரிய பெயர், 2015-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். நம் நாட்டிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இப்படித் திரும்பி வருகிற பெண்களுக்கும் கைகொடுக்கிறது.

பேராசிரியர்களுக்கு மெயில் எழுதும்போது "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரெஸ்டட்" என்று தொடங்கும் பொதுக்கடிதம் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி. கூடவே உங்கள் லைசோசைம் கோடுகள் இரண்டும் ஒரே படத்தில். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மெயிலில் இரண்டு வரி நினைவூட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.