கோழியின் இரத்தக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

நாட்டுக்கோழியின் இரத்தத்தில் கால்சியம், கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம் அளந்து, கோழிக்குக் கோழி தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். பிழை பெரும்பாலும் சூத்திரத்தில் இருப்பதில்லை. இறக்கையில் ஊசி குத்தும்போதே நுழைந்துவிடுகிறது.

முதலில் குழாய். ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏ என்ற வேதிப்பொருள், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் இரத்தம் உறையாமலிருப்பதே அதனால்தான். அதே குழாயிலிருந்து கால்சியம் அளந்தால் வருவது குப்பை. அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதிக்கும் இதே கதிதான். சிவப்பு மூடிக் குழாயில் உறையவிட்டுப் பிரித்த சீரம் எடுங்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல், முட்டையிடும் பெட்டையையும் இன்னும் முட்டையிடாத இளம் விடைக்கோழியையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது. விடைக்கோழியில் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் நிற்கும் கால்சியம், முட்டைக்கு வந்ததும் 20-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். மஞ்சள்கருவுக்கான கொழுப்பு கல்லீரலிலிருந்து இரத்தம் வழியாகத்தான் போகிறது என்பதால் ட்ரைகிளிசரைடு என்ற அந்தக் கொழுப்பும் பல மடங்கு ஏறும். அசீல் என்ற சண்டைக்கோழி இனத்தில் ஒரு சேவலின் மகள்கள் எல்லாம் முதல் பொரிப்பிலும், இன்னொன்றின் மகள்கள் ஆறு வாரம் பிந்திய பொரிப்பிலும் வந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரத்தம் எடுத்தால், வயது செய்த வேலை சேவலின் பெயரில் பதிவாகும்.

தகப்பன் ஒன்று, தாய் வேறு என்ற குஞ்சுகளை வைத்து மரபின் பங்கைக் கணக்கிடும்போது சேவல்களுக்கு இடையிலான மாறுபாட்டை நான்கால் பெருக்குகிறோம். கூடவே பிழையும் நான்கு மடங்காகிறது. மொத்த மாறுபாட்டில் சேவலின் பங்கு 0.30 என்று வந்தால் மரபின் பங்கு 1.2, ஒன்றைத் தாண்டவே கூடாத எண்! அதை 1 என்று வெட்டி அச்சிடுபவர்களும் உண்டு. எல்லாச் சேவல்களின் குஞ்சுகளும் எல்லாப் பொரிப்புகளிலும் கலந்திருந்தால் வயதின் வேலை சேவலின் பெயரில் ஏறாது.

குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் பதற வேண்டாம், கோழிக்கு அது இயல்பு. ஆனால் கொட்டகை முழுதும் துரத்திப் பிடித்த கோழியில் அது இன்னும் ஏறியிருக்கலாம். ஒரு சேவலின் குடும்பம் முழுவதையும் கடைசியில் பிடிக்காதீர்கள்.

கணக்கு சரியாக வந்தபின் படிப்பதிலும் தவறு நடக்கிறது. மரபின் பங்கு 0.3 என்றால் ஒரு கோழியின் கொலஸ்ட்ராலில் 30 சதவீதம் பெற்றோர் தந்தது என்று பொருளல்ல. அந்த மந்தையில், அந்தத் தீவனத்தில், கோழிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் மரபு விளக்கும் பங்கு அது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழி இனமான கடக்நாத்தில் கிடைத்த எண்ணை அசீலுக்கு அப்படியே ஒட்ட முடியாது. சீரத்தில் கொலஸ்ட்ரால் குறைந்த சேவலைத் தேர்ந்தெடுத்தால் முட்டையிலும் குறையும் என்று எழுதுவதற்கு முன், அவ்விரண்டுக்கும் இடையிலான மரபுத் தொடர்பைத் தனியாக அளந்திருக்க வேண்டும்.