மணல் வளவில் மரக்கறித் தோட்டம்: நாற்று மேடையிலிருந்து வத்தல் போத்தல் வரை

புதிதாக வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த விதை வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முதல் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காய்க்கிறதை என்ன செய்யப் போகிறீர்கள்? நாலு பேர் உள்ள வீட்டில் பத்துக் கத்தரிச் செடி ஒன்றாகக் காய்க்கத் தொடங்கினால் தின்று முடியாது. அயலுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் அதே நேரம் கத்தரி காய்த்திருக்கும். ஆகவே வைப்பதற்கு வழி பார்த்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும்.

1. பயிரைத் தெரிவு செய்தல்

மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பறித்த கையோடு சமைக்க வேண்டியவை: வெண்டி, பயற்றை, கீரை. அப்படியே பல வாரம் இருக்கக்கூடியவை: பூசணி, சின்ன வெங்காயம். காயவைத்து வைக்கக்கூடியவை: கத்தரி, பாகல், கொச்சிக்காய். முதல் தடவை ஒவ்வொரு வகையிலும் ஒன்றோ இரண்டோ போதும். தக்காளியை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். அதற்கு வரும் நோய்களைப் பார்த்தே பலர் தோட்டத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

கத்தரியில் 'திருநெல்வேலி ஊதா', வெண்டியில் 'ஹரித' அல்லது 'எம்.ஐ. 7' இலங்கை விவசாயத் திணைக்களத்தின் இனங்கள்தான். பக்கெற்றில் காலாவதித் திகதியைப் பார்த்து வாங்குங்கள்.

2. காலம்

நமது மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரப் பக்கத்தில் பெருமழை ஐப்பசிக் கடைசியில் பிடித்து மார்கழி, தை வரை ஊற்றும். பழகியவர்கள் மழைக்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். புதியவர்களுக்கு அது வேண்டாம். ஒரு வாரம் தண்ணீர் நின்றாலே கொச்சிக்காய் வேர் அழுகிவிடும்.

தைப்பொங்கல் கழிந்து நாற்று மேடை போடுங்கள். மாசியில் நடலாம். சித்திரை, வைகாசியில் நன்றாகக் காய்க்கும். அப்புறம் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, தொடங்கிவிடும். செடிக்கு அது எமன்தான், ஆனால் வத்தல் காயவைக்க அதைவிட நல்ல காற்று கிடையாது. மிஞ்சுகிற காயும் காயவைக்கும் காலமும் தானாகவே பொருந்தி வரும்.

3. மண்

இதில் அவசரப்பட வேண்டாம். காத்தான்குடி, கல்லடி தொடங்கிக் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரைக்கும் கரையோர வளவெல்லாம் மணல். ஊற்றிய தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிவிடும், போட்ட பசளையையும் கூடவே கொண்டுபோய்விடும். "எவ்வளவு போட்டும் செடி மஞ்சளாகவே நிற்குது" என்பவர்களுக்கு இதுதான் காரணம். பசளையைக் கூட்டுவதற்கு முன், தண்ணீரைப் பிடித்து வைக்க மண்ணில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதற்குப் பொச்சுமட்டை, அதாவது தேங்காய் உரித்த மட்டை, இருக்கிறது. நாலு அடி அகலத்தில், வசதியான நீளத்தில் பாத்தியைக் குறித்து ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். இரண்டு நாள் தண்ணீரில் ஊறிய மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். அதன் மேல் கிளிறிசிடியா இலையோ பூவரசு இலையோ ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு மிதியுங்கள். வெட்டியெடுத்த மணலோடு மக்கிய மாட்டெருவையும் கூட்டுப்பசளையையும் கலந்து மூடுங்கள். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்காவது எரு வேண்டும். கோழி எரு என்றால் நன்றாக மக்கியிருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் நாற்று கருகிவிடும். தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள்.

பாத்தியை உயர்த்திக் கட்டச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். மாசிக்குப் பிறகு மணலில் அது சரிவராது, சீக்கிரம் காய்ந்துவிடும். சுற்றுத் தரையைவிட மூன்று, நாலு அங்குலம் பள்ளமாக விடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் களி மண் உள்ளவர்களும் மழைக்காலத்தில் நடுகிறவர்களும்தான் உயர்த்திக் கட்ட வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரையும் வாயில் விட்டுப் பாருங்கள். 2004 சுனாமியில் கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போனது நினைவிருக்கும். அதை விட்டாலும், கோடையில் மோட்டரைப் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் நல்ல தண்ணீருக்குக் கீழே இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். உவர்ப்பு தெரிந்தால் வெங்காயத்தை விடுங்கள், அது உப்பைத் தாங்காது.

4. விதைப்பு

கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் நாற்று வேண்டும். பழைய வாளியிலோ யோகட் கோப்பையிலோ ஓட்டை போட்டு, மண், எரு, தும்புத்தூள் (தேங்காய் மட்டைத் தூள்) சமமாகக் கலந்து நிரப்பி, விதையை அரை அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாமல் போடுங்கள். நாலு, ஐந்து வாரத்தில் பின்னேர வெயில் சாய்ந்த பிறகு எடுத்து நடுங்கள். செடிக்குச் செடி இரண்டு அடி, வரிசைக்கு வரிசை மூன்று அடி.

வெண்டி, பயற்றை, பாகல் விதைகளை ஓர் இரவு ஊறவைத்து நேரே ஊன்றலாம். வெண்டியை மொத்தமாக ஊன்ற வேண்டாம். இன்றைக்கு நாலு குழி, இரண்டு வாரம் கழித்து இன்னும் நாலு குழி. பூசணிக்கு வேலியோரம் ஒரே ஒரு குழி போதும், அது தன்பாட்டில் படர்ந்துகொள்ளும். சின்ன வெங்காயத்தை நுனி தெரிய நாலு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். கோழி வளர்க்கிற வீடென்றால் இதற்கெல்லாம் முதல் வலை அடியுங்கள். புது மண்ணைக் கண்டால் சீய்க்காமல் விடாது.

5. பராமரிப்பு

மணலில் காலை ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். செடியடியில் வைக்கோலோ சருகோ மூடாக்காகக் கிடக்கட்டும்.

கத்தரியின் நுனி மட்டும் வாடித் தொங்கினால் அதற்குள் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். வெண்டி இலையில் நரம்பு மஞ்சளாக வலை போட்டால் மருந்து தேட வேண்டாம், செடியைப் பிடுங்குங்கள். வெள்ளை ஈ பரப்புகிற வைரசு நோய் அது. பயற்றையில் அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) பிடித்தால், இடித்த வேப்பங்கொட்டை 50 கிராமை ஒரு லீட்டர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, வடித்து, சவர்க்காரம் கொஞ்சம் கரைத்துப் பின்னேரம் தெளியுங்கள். பாகற்பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடிக் கட்டினால் பழ ஈ முட்டையிடாது.

பூசணியில் பிஞ்சு விழுந்துகொண்டே இருந்தால், காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். அடியில் குட்டிக்காய் இருப்பது பெண் பூ.

6. பறித்தலும் வைத்தலும்

வெண்டியை இரண்டு நாளுக்கு ஒரு தடவை பறித்தே ஆக வேண்டும். விட்டால் முற்றும், செடியும் காய்ப்பதைக் குறைக்கும். வெண்டியையும் கத்தரியையும் பிரிட்ஜின் குளிர் கூடிய தட்டில் வைத்தால் கறுத்துப்போகும். கடதாசியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்து மூன்று, நாலு நாளுக்குள் சமையுங்கள்.

பூசணிக் காம்பு காய்ந்து மரம்போல ஆனதும் இரண்டு அங்குலக் காம்போடு வெட்டுங்கள். காம்பு முறிந்த காயை முதலில் கறிக்கு எடுங்கள், அது நிற்காது. மற்றவற்றை ஒரு வாரம் காயவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பலகை மேல் ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தால் இரண்டு, மூன்று மாதம் இருக்கும். சின்ன வெங்காயத்தின் தாள் சாய்ந்ததும் கிளப்பி, தாளாலேயே மூடி மூன்று நாள் உலர்த்தி, பிடியாகக் கட்டிக் குசினிக் கூரையில் தொங்கவிடுங்கள்.

கத்தரி வத்தலுக்கு அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் விட்டு வடியுங்கள். பாயில் பரப்பி, பின்னேரப் பனிக்கு முதல் உள்ளே எடுத்துவிடுங்கள். கச்சான் அடித்தால் மூன்று, நாலு நாள் காணும். வளைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னொரு நாள் வெயில் காட்டுங்கள். பாகலுக்கும் இதே முறைதான். கொச்சிக்காயைக் கீறி, உப்புப் போட்ட தயிரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, திரும்பவும் அதே தயிரில் போடுங்கள். தயிர் முழுக்க இழுபட்ட பிறகு கலகலவென்று காயும்வரை வெயிலில் விட வேண்டும்.

பெரிய போத்தலில் மொத்தமாக அடைக்க வேண்டாம். சின்னப் போத்தல்களில் பிரித்துப் போட்டால் மாரியில் ஒன்று பூஞ்சணம் பிடித்தாலும் மற்றது தப்பும். அடைத்த முதல் வாரம் தினமும் பாருங்கள். உள்பக்கம் ஈரம் பூத்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டித் திரும்பக் காயவையுங்கள்.

விதைக்கென்று நல்ல செடியில் ஒரு கத்தரியைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிரட்டி, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு மாதத்தை எழுதி ஒட்டுங்கள். கலப்பின விதை என்று போட்ட பக்கெற்றில் வளர்ந்த செடியென்றால் இது வேண்டாம், அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது.