கல்லூரி தேர்வில் கிரீக் லைஃப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் வந்துவிட்டால் அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான். எங்கெங்கே இடம் கிடைத்தது, எவ்வளவு உதவித்தொகை, எந்த மேஜர், மே 1-க்குள் யாருக்குச் சரி சொல்வது. ரேங்கிங், கட்டணம், வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் அலசிவிடுகிறோம். கிரீக் லைஃப், அதாவது கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட மாணவர் சங்கங்களின் உலகம், என்று வரும்போது மட்டும் நம் பெற்றோர்களில் பலர் ஒன்றுமே கேட்பதில்லை. கேட்பவர்களும் "அங்கே ஃப்ரட் பார்ட்டி எல்லாம் உண்டாம், வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

பிள்ளை அதில் சேர்வானா மாட்டானா என்பது பிறகு வரும் கேள்வி. சேராதவர்களுக்கு அந்த வளாகத்தில் நான்கு வருடம் எப்படிப் போகும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான கல்லூரிகளில் பெரும்பாலான மாணவர்கள் சேராதவர்கள்தான்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்குச் சுருக்கமாக: ஃப்ரட்டர்னிட்டி ஆண்களுக்கு, சொரோரிட்டி பெண்களுக்கு. இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கும் சங்கங்கள். சேர்ந்து தங்க வீடு, மாதாந்திர அல்லது பருவச் சந்தா, நாடு முழுக்கக் கிளைகள், பழைய உறுப்பினர்களின் வலைப்பின்னல், சேர்வதற்கு ஒரு தேர்வு முறை. இன்றைய வடிவத்தின் தொடக்கம் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-ல் உருவான கப்பா ஆல்ஃபா சங்கம் என்பார்கள். இவை இளங்கலை மாணவர்களுக்கானவை. எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது

பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்ற ஒரு படிவத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைத்துவிடும். அதில் எஃப் பகுதியைத் திறந்தால் ஃப்ரட்டர்னிட்டியில் சேரும் ஆண்கள் எத்தனை சதவீதம், சொரோரிட்டியில் சேரும் பெண்கள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதே இடத்தில், வெளிமாநிலத்திலிருந்து வருபவர்கள் எத்தனை பேர், கல்லூரி விடுதியில் தங்குபவர்கள் எத்தனை பேர் என்றும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் படம் தெரியும்.

40,000 பேர் படிக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் 10 சதவீதம் என்றால் 4,000 பேர். சத்தமாகத் தெரிவார்கள், ஆனால் மீதி 36,000 பேருக்கு வேறு நூறு வழிகள் உண்டு. 2,000 பேர் படிக்கும் சின்னக் கல்லூரியில், அதுவும் ஊரில் இரண்டு தெருவும் நான்கு உணவகமும்தான் என்றால், பாதிப் பேர் கிரீக்கில் இருப்பது வேறு மாதிரி. சனிக்கிழமை இரவு எல்லோரும் போகும் இடமே அந்த வீடுகள்தான். வர்ஜீனியாவில் லெக்சிங்டன் என்ற சிற்றூரில் இருக்கும் வாஷிங்டன் அண்ட் லீ அப்படிப்பட்டது. அங்கே சேராதவர்கள்தான் சிறுபான்மை.

எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்றும் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத்தில் முதலாண்டு மாணவர்கள் சேர முடியாது. அங்கே சேரத் தகுதி உள்ளவர்களை மட்டும் எடுத்தால் பாதிக்கு மேல் உறுப்பினர்கள். எல்லா மாணவர்களையும் எடுத்தால் எண் இறங்கிவிடும். இரண்டும் சரியான எண்களே, ஆனால் உங்கள் பிள்ளை இரண்டாம் ஆண்டில் வாழப்போவது முதல் எண்ணோடு.

"இந்தக் கல்லூரியில் அது கிடையாது" என்று நம்பிவிடுவது

கிடையாது என்பதில் பல வகை உண்டு. பிரின்ஸ்டன் ஃப்ரட்டர்னிட்டிகளை அங்கீகரிப்பதில்லை. 2012 முதல் முதலாண்டு மாணவர்கள் அவற்றில் சேரவும் தடை. ஆனால் அங்கே ப்ராஸ்பெக்ட் அவென்யூவிலும் அதை ஒட்டியும் 11 ஈட்டிங் கிளப்கள் இருக்கின்றன. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களில் பெரும்பகுதி சாப்பிடுவதும் கூடுவதும் அங்கேதான், சிலவற்றில் நேர்காணல் வைத்தே ஆள் எடுக்கிறார்கள். ஹார்வர்டில் ஃபைனல் கிளப்கள் என்ற தனியார் மாணவர் சங்கங்கள். ஆண்களுக்கு மட்டும் அல்லது பெண்களுக்கு மட்டும் என்றிருக்கும் சங்கங்களில் சேர்பவர்களுக்குத் தலைமைப் பதவிகள் கிடையாது என்று அந்தப் பல்கலைக்கழகம் 2016-ல் அறிவித்தது, 2020-ல் அதைக் கைவிட்டது. டியூக் பல்கலைக்கழகம் 2021-ல் சேர்க்கை விதிகளைக் கடுமையாக்கியதும் பல ஃப்ரட்டர்னிட்டிகள் பல்கலைக்கழகத்தோடு உறவை முறித்துக்கொண்டு தனியாக ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. உறவு முறிந்தால் கல்லூரியின் மேற்பார்வையும் போகிறது. பெற்றோர் கவலைப்பட வேண்டியது இந்த நிலைமைக்குத்தான்.

உண்மையிலேயே ஒழித்த கல்லூரிகளும் உண்டு. மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் 1960-களில் நிறுத்தியது. மெய்ன் மாநிலத்தின் பௌடன் கல்லூரி 1997-ல் முடிவெடுத்து, அந்த வீடுகளையே எல்லா மாணவர்களுக்குமான பொது வீடுகளாக மாற்றியது. ஹூஸ்டனில் உள்ள ரைஸில் கிரீக் கிடையாது. வரும் ஒவ்வொரு மாணவரும் முதல் நாளே ரெசிடென்ஷியல் காலேஜ் எனப்படும் ஒரு விடுதிக் குழுவில் வைக்கப்படுகிறார், யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இந்த முறை எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் "கிரீக் இல்லை" என்று எழுதியிருந்தால் அடுத்து கேட்க வேண்டியது, அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று கவனிக்காதது

அலபாமா பல்கலைக்கழகத்தில் சொரோரிட்டிக்கு ஆள் எடுக்கும் ரஷ் ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கும் முன்பே நடக்கிறது. பெண்கள் சீக்கிரமாகவே விடுதிக்கு வந்துவிடுவார்கள். கொளுத்தும் வெயிலில் வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சில நிமிடப் பேச்சு, பெயர், ஊர், மேஜர், அப்புறம் அடுத்த வீடு. ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் சுருங்கும். கடைசி நாளில் கால்பந்து மைதானத்தில் உட்கார்ந்து உறையைப் பிரித்து, எந்த வீட்டின் அழைப்பு என்று பார்த்துவிட்டு அங்கிருந்து அந்த வீட்டை நோக்கி ஓடுவார்கள். அழைப்புக்குப் பெயர் பிட். அது கிடைக்காமல் போன பெண்ணுக்கு முதல் வகுப்பே இன்னும் ஆரம்பித்திருக்காது.

வேறு இடங்களில் ஜனவரியில் எடுப்பார்கள், டார்ட்மத் போல இரண்டாம் ஆண்டில் எடுப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் தள்ளி எடுப்பதே நல்லது. ஒரு பருவ மதிப்பெண் கையில் இருக்கும், நாலு நண்பர்கள் தாமாகக் கிடைத்திருப்பார்கள், வேண்டுமா என்று பிள்ளையே யோசிக்கலாம். ஆனால் ஜனவரி முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது: முதல் பருவம் முழுக்க மூத்தவர்களின் பார்வையில் படுவதிலேயே போய்விடலாம், பிட் வந்த நாளில் விடுதி நண்பர்கள் இரண்டாகப் பிரியலாம். முதலாண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

சொரோரிட்டியில் இன்னொரு விதியும் தெரிந்திருக்கட்டும். தேசியக் கூட்டமைப்பில் உள்ள 26 சங்கங்களில் ஒன்றில் முறைப்படி உறுப்பினரான பெண், பிறகு அந்தக் கூட்டமைப்பின் வேறொன்றுக்கு மாற முடியாது. கல்லூரி மாறினாலும் அப்படித்தான்.

செலவைக் கட்டணத்தோடு சேர்க்காதது

சந்தா இடத்துக்கு இடம் மாறும். சில நூறு டாலரில் முடியும் இடமும் உண்டு, தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்களில் பருவத்துக்குச் சில ஆயிரமும் உண்டு. முதல் பருவத்தில் சேர்க்கைக் கட்டணம் தனியாக வரும். வீட்டில் தங்காவிட்டாலும் அங்கே சாப்பாட்டுக்குக் கட்டச் சொல்லலாம். சைவம் சாப்பிடும் பிள்ளை என்றால் அந்தச் சமையலறையில் தினசரி என்ன கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். ஒரு வருடமாவது வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. கல்லூரி தரும் நிதியுதவிக் கணக்கில் இந்தச் சந்தா பெரும்பாலும் வருவதில்லை.

ராகிங்கை மனதில் வைத்து ஹேசிங்கைப் புரிந்துகொள்வது

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஹேசிங் என்பது சங்கத்தில் சேர்த்துக்கொள்வதற்காகப் புதியவர்களைப் படுத்தும் பாடு. தமிழ்நாட்டில் படித்த பெற்றோருக்கு ராகிங் தெரியும். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொலை, அதையடுத்து 1997-ல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் எல்லாம் நினைவிருக்கும். அதனால் "ஒழுங்கான பையன், வம்புக்குப் போகமாட்டான், இரண்டு மாதம் ஒதுங்கியிருந்தால் சரியாகிவிடும்" என்று நினைக்கிறோம்.

ராகிங் ஜூனியராக இருப்பதாலேயே வரும். ஹேசிங் சேர விரும்புகிறவனுக்கு மட்டும் வரும். அவனே விரும்பிப் போகிறான், அவனே மறைக்கிறான், போனில் அம்மா கேட்டால் "ஜாலியா இருக்கும்மா" என்கிறான். வெளியே சொன்னால் கிடைக்கவிருக்கும் இடம் போய்விடும் என்ற பயம். தூக்கமில்லாமல் வைப்பது, ஏவல் செய்ய வைப்பது என்று சின்னதாக ஆரம்பித்து, பெரும்பாலான மரணங்களில் போய் முடிவது அளவுக்கு மீறிக் குடிக்க வைப்பதில்.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 19 வயது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் பிட் ஏற்ற இரவில் குடிக்க வைக்கப்பட்டு, மாடிப்படியில் விழுந்தார். உதவிக்கு அழைக்கவே ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. மது கூடாது என்ற விதி உள்ள வீடு அது. உள்ளே கண்காணிப்பு கேமராவும் இருந்தது. "அந்த வீட்டில் குடி கிடையாதாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

"நம்மவர்கள் நடத்துவது, பயமில்லை" என்ற நம்பிக்கையும் வேண்டாம். தெற்காசிய மாணவர்களுக்கென்றே டெல்டா எப்சிலான் சை, கப்பா ஃபை காமா போன்ற சங்கங்கள் 1990-களின் கடைசியில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உருவாயின. இப்போது பல வளாகங்களில் இருக்கின்றன. வீட்டுச் சாப்பாடும் தீபாவளியும் புரிந்த நண்பர்கள் கிடைப்பது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் 2013 டிசம்பரில், ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கான ஒரு ஃப்ரட்டர்னிட்டி நியூயார்க்கின் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவரை பென்சில்வேனியா மலைப்பகுதிக்குக் கூட்டிப்போய், கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டை ஏற்றி, ஆள் மாற்றி ஆள் தள்ளிவிட்டதில் அவர் இறந்தார். அந்தச் சங்கத்தையே நீதிமன்றம் தண்டித்து, அந்த மாநிலத்தில் இயங்கப் பத்தாண்டு தடை விதித்தது. இனம், மொழி பார்த்து ஒரு கிளையை எடைபோட முடியாது. அந்த வளாகத்தில் அந்தக் கிளை கடந்த சில ஆண்டுகளில் என்ன செய்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க இப்போது வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, விதிமீறல் உறுதியான மாணவர் அமைப்புகளின் பெயரையும் நடந்ததையும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கல்லூரியின் பெயரோடு ஹேசிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட் என்று தேடுங்கள். பென்சில்வேனியாவில் 2018 முதலே மாநிலச் சட்டம் இதைக் கேட்கிறது. பட்டியல் நீளமாக இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். புகாரை விசாரித்து எழுதி வைக்கும் கல்லூரியாகவும் இருக்கலாம். ஒரே பெயர் மூன்று வருடம் தொடர்ந்து வந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாது.

கிரேக்க எழுத்து எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணுவது

1776-ல் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாவும் பொறியியலுக்கான டௌ பீட்டா பையும் மதிப்பெண் பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கங்கள். அழைப்பு வந்தால் ஏற்கலாம். ஆல்ஃபா ஃபை ஒமேகா சமூகசேவைக்கானது. கமலா ஹாரிஸ் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-ல் அங்கேயே உருவான, கறுப்பினப் பெண்களின் முதல் சொரோரிட்டி. அந்த மரபில் உறுப்பினர்கள் கல்லூரி முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் சேர்ந்து இயங்குகிறார்கள். பார்ட்டி வீடு என்ற ஒரே சித்திரத்தில் இவை எதுவும் அடங்காது.

சுற்றிக்காட்டும் மாணவரிடம் தவறான கேள்வி கேட்பது

"இங்கே கிரீக் பெரிசா?" என்று கேட்டால் எல்லா வளாகத்திலும் ஒரே பதில்தான்: "வேண்டுமென்றால் இருக்கிறது, வேண்டாமென்றால் கட்டாயமில்லை." அதற்குப் பதிலாக, போன வெள்ளிக்கிழமை இரவு நீ எங்கே இருந்தாய், உன் அறைத்தோழன் எங்கே இருந்தான் என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் விடுதி உறுதியா, இல்லை வீடு தேடி அலைய வேண்டுமா என்று கேளுங்கள். விடுதி இல்லாத ஊரில் ஃப்ரட்டர்னிட்டி வீடு ஆசைக்காக இல்லாமல் கூரைக்காகவே தேவைப்பட்டுவிடும். முடிந்தால் பிள்ளையை ஓர் இரவு தங்கவிட்டு, நீங்கள் ஹோட்டலில் இருங்கள்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வருபவர்களுக்கு ஒன்று. மது அருந்தச் சட்டப்படி வயது 21. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசா ரத்தாகலாம். அதே சமயம், அளவுக்கு மீறிக் குடித்து மயங்கியவருக்காக 911-ஐ அழைக்கும் மாணவரை, அவரே வயதுக்குட்பட்டுக் குடித்திருந்தாலும், வழக்கிலிருந்து காப்பாற்றும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. விவரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிள்ளை போகும் மாநிலத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று, பெட்டி கட்டுவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.