ஊர் வீட்டை விற்கும் முன் ஒட்டடைக் கம்பை எடுங்கள்

நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருஷம் எல்லோருக்கும் ஒரே ஓட்டம். சோஷியல் செக்யூரிட்டி எண், டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளி என்று போய்விடும். இரண்டாம் வருஷம் தொடங்கும்போதுதான் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு வரும்: "ஊர் வீட்டை என்ன பண்றது?" வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் விலையைப் பற்றி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மொட்டை மாடியில் கடைசியாக யார் ஏறிப் பார்த்தார்கள்?

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். அம்மா இங்கே வந்தபிறகு இரண்டரை வருஷம் பூட்டிக் கிடந்தது. சாவி வேலப்பாடி சித்தப்பாவிடம். மாதம் ஒருமுறை போவார், ஹாலைப் பெருக்குவார், பூஜையறையில் விளக்கேற்றுவார், பூட்டிக்கொண்டு வந்துவிடுவார். போனில் கேட்டால், "வீட்டுக்கு இன்னாப்பா, ஜம்முன்னு இருக்குது" என்பார். பொய் இல்லை, அவர் பார்த்த உயரம் வரை ஜம்மென்றுதான் இருந்தது.

வீடு பார்க்க வந்த முதல் ஆள் கூடவே ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். அவர் மூலையில் கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்துத் திருப்பிப் பிடித்து, பூஜையறை சீலிங்கை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாராம். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்ட சத்தம், ஜன்னல் பக்கம் வந்ததும் 'டொப்' என்று மாறியது. இன்னொரு தட்டு. உள்ளங்கையளவு பூச்சு பெயர்ந்து தரையில் விழுந்தது. உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் பூத்திருந்தது. "கம்பி ஊதினு வருது சார்" என்று அவர் சொன்ன அடுத்த நிமிஷம் விலையில் 4 லட்சம் குறைந்தது. அந்த வியாபாரத்தை விட்டுவிட்டோம். பிறகு நாங்களே ஆள் வைத்துச் சரிசெய்தபோது ஆன செலவு 70 ஆயிரத்துக்குள். காரணம்? பக்கத்து வீட்டு வேப்பிலை மாடியின் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டது. தேங்கிய தண்ணீர் தட்டோட்டின் இடுக்கு வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டது. துருப்பிடித்த இரும்பு முன்பிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். அது தள்ளுகிற வேகத்தில் சிமென்ட் பிளந்துவிடும்.

இங்கே அமெரிக்காவில் வீடு கைமாறும்போது ஹோம் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் வருவார். நியூ ஜெர்சியில் அதற்கு உரிமம் வேண்டும். கூரை முதல் அடித்தளம் வரை பார்த்து, படங்களோடு அறிக்கை தருவார். பெரும்பாலும் வாங்குகிறவர்தான் வைப்பார். சில விற்பனையாளர்கள் விளம்பரம் கொடுக்கும் முன் தாங்களே பார்த்து வைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் இந்த வழக்கம் பரவலாக இல்லை. ஒரே ஆள் எல்லாம் பார்த்துத் தருவார் என்று தேடாதீர்கள். ஒரு சிவில் இன்ஜினியர், ஒரு கொத்தனார், ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு பிளம்பர் என்று நாமே கூட்ட வேண்டியதுதான். இன்ஜினியரிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: எனக்கு மதிப்பீடு வேண்டாம், பழுதுப் பட்டியல் வேண்டும், படத்தோடு, கையெழுத்தோடு. இல்லாவிட்டால் பேங்க் லோனுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு விலைக் கணக்கு வந்து சேரும். அதில் ஒழுகுவது எதுவும் இருக்காது.

மழை முடிந்த கையோடு, மார்கழியிலோ பொங்கலுக்குப் பிறகோ பார்ப்பது உத்தமம். ஓதம் ஏறிய சுவரை அப்போது மறைக்க முடியாது. நம்மில் பலர் பிள்ளைகளின் கோடை லீவில்தான் ஊருக்குப் போகிறோம். அதற்குள் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டி அடித்துச் சுவரையெல்லாம் காய வைத்திருக்கும், வீடு யோக்கியமாகத் தெரியும். அப்போது செய்ய வேண்டியது, மாடித் தண்ணீர்க் குழாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒருநாள் முழுக்க விட்டுவிட்டுக் கீழே சீலிங்கைப் பார்ப்பது. இது கான்கிரீட் கூரைக்கு மட்டும். கொசப்பேட்டை மாதிரி பழைய பகுதிகளில் மரக் கட்டையும் செங்கல்லும் சேர்த்த மெட்ராஸ் டெரஸ் வீடு இருந்தால் தயவுசெய்து தண்ணீர் கட்டாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது கட்டையின் நுனி, சுவருக்குள் போகிற இடம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். கரையான் அங்கிருந்துதான் வேலையை ஆரம்பித்திருக்கும்.

போக முடியாதவர்கள் வாட்ஸ்அப் வீடியோவில் பார்க்கலாம். ஆனால் உறவுக்காரர் கேமராவை ஹால் முழுக்கச் சுழற்றிக் காட்டிவிட்டு முடித்துவிடுவார். நீங்கள்தான் நிறுத்திக் கேட்க வேண்டும்: சன்ஷேட் அடிப்பக்கம், மாடிப்படி மேலே இருக்கும் கூரை, பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், கிச்சன் சிங்குக்குக் கீழே, லாஃப்ட் உள்ளே, வாசல் நிலையின் அடிமூலை. சிமென்ட் முதலில் உதிர்வது பெரும்பாலும் சன்ஷேடில்தான், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

கரண்ட் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபியூஸ் கேரியர் இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்று போட்டுவிடுங்கள்.

தண்ணீருக்கு வருவோம், நம் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு எப்படிக் கெடுத்தது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. எனவே "போர் தண்ணி நல்லா இருக்கும்" என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். மோட்டாரை ஓடவிட்டு 1000 லிட்டர் டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பாறை நிலம், கோடையில் அந்த நேரம் நீளும். ஆற்றங்கரை ஓரமாக வீடு இருந்தால் 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லிவிடுங்கள், தெருவில் யாரைக் கேட்டாலும் தெரிந்துவிடும்.

மறைப்பது பற்றி இன்னொன்றும் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில், தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. பூசி மெழுகிப் பெயின்ட் அடித்துவிட்டால் போதும் என்று சொல்லும் புரோக்கருக்கு இதைச் சொல்லுங்கள். அதோடு, பெயின்ட் வாசனை போகாத வீட்டைப் பார்த்தாலே வேலூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். முதலில் பழுது, பிறகு ஒரு மழை, அதன்பிறகு பெயின்ட்.

காகிதத்தையும் அதே இன்ஜினியரிடம் காட்டுங்கள். அனுமதி வாங்கிய பிளானில் இல்லாத அறையோ மாடியோ இருந்தால், வாங்குகிறவரின் பேங்க் இன்ஜினியர் வந்து சொல்லும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹவுசிங் போர்டு வீடு என்றால் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கிறதா, கிரயப் பத்திரம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டே பல அப்பாக்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, ஈ.பி. இணைப்பு எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பார்த்துவிடுங்கள். வீட்டைச் சோதிக்க பவர் பத்திரம் தேவையில்லை, சாவி போதும். விற்க உறவினருக்குப் பவர் கொடுப்பதாக இருந்தால், இங்கே தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பியது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

விற்கும்வரை சாவி வைத்திருப்பவரிடம் வாரம் ஒருமுறை மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்கள். பாத்ரூம் தரை ஓட்டைகளில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், உள்ளே நிற்கிற தண்ணீர் காய்ந்துவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வந்துவிடும். சித்தப்பா இப்போது மாடிக்கும் ஏறுகிறார். வேப்பிலையை அள்ளிப்போட்டு, குழாய் வாயைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் விளக்கேற்றவே போகிறார்.