எம்டன் ஓர் ஆள் இல்லை: போர்க்கப்பல் பெயர்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டிப்பான வாத்தியாரை "சரியான எம்டன்" என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, எம்டன் என்றொரு ஜெர்மன் தளபதி இருந்தார் என்று நம்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே கடலில் நின்று குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் ஒரு கப்பல். அந்தப் பெயர் ஜெர்மனியின் வடமேற்கில் இருக்கும் ஒரு துறைமுக ஊருடையது. கப்பலை நடத்தியவர் கார்ல் ஃபான் முல்லர். உயர் நீதிமன்ற மதிலில் பதித்திருக்கும் நினைவுக் கல்லைப் பார்த்தவர்கள்கூட இதில் குழம்புகிறார்கள்.

கப்பலின் பெயர் ஆள் பெயர்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1941இல் படையில் சேர்ந்த வாஷிங்டன் என்ற போர்க்கப்பல், வாஷிங்டன் மாநிலத்தின் பெயரைத் தாங்கியது. இன்றுள்ள விமானந்தாங்கிக் கப்பலான ஜார்ஜ் வாஷிங்டன்தான் முதல் குடியரசுத் தலைவருடையது. இரண்டையும் வெறும் "வாஷிங்டன்" என்று சுருக்கினால் வாசிப்பவருக்கு வழியே இல்லை.

ஆள் பெயர்தான் என்று தெரிந்த பிறகு தமிழில் ஒரு சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தில் கப்பலைப் பெண்பாலில் சொல்லும் வழக்கம் உண்டு. அதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் "அவள் மூழ்கினாள்" என்று வரும். ஆள் பெயரைப் பார்த்துவிட்டு "டிர்பிட்ஸ் 1944இல் மூழ்கினார்" என்று திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மன் கடற்படைத் தளபதி டிர்பிட்ஸ் 1930இலேயே இறந்துவிட்டார். 1944 நவம்பர் 12 அன்று நார்வேயில் விமானக் குண்டுகளால் கவிழ்ந்தது அவர் பெயர் கொண்ட கப்பல். "டிர்பிட்ஸ் கப்பல்" என்று முதல் தடவை எழுதிவிட்டு, பிறகு அஃறிணையிலேயே தொடர்ந்தால் போதும்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு வேறு. ஐஎன்எஸ் (இந்தியக் கடற்படைக் கப்பல்) கட்டபொம்மனைப் போர்க்கப்பல் என்று எழுதுகிறார்கள். அது திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், தரையில் இருக்கும் கடற்படை நிலையம். நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் வேண்டும். அவற்றை அனுப்ப வானளாவிய கோபுரங்கள் வேண்டும். அதற்காகவே அந்த இடம். கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் வைப்பது பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து வந்த மரபு. லோனாவாலா மலையில் இருக்கும் ஐஎன்எஸ் சிவாஜி பொறியியல் பயிற்சி நிலையம். இலங்கையில், எல்லாள மன்னன் பெயரைத் தாங்கிய எஸ்எல்என்எஸ் எலாரவும் காரைநகரில் உள்ள கடற்படைத் தளம்தான். ஐஎன்எஸ் என்ற முன்னொட்டை மட்டும் வைத்துக் கப்பல் என்று முடிவுகட்டக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது, ஒரே பெயரில் வந்த பல கப்பல்களை ஒன்றாக்கிவிடுவது. ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யத் தளபதி, 1813இல் போர்க்காயத்தால் இறந்தவர். அவர் பெயர் கொண்ட முதல் உலகப்போர் கால ஜெர்மன் கப்பல், அதன் ஜோடிக் கப்பலான நைஸனாவோடு, 1914 டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளருகே மூழ்கியது. ஷார்ன்ஹோர்ஸ்டில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அடுத்த போரில் அதே பெயர்களில் மறுபடி ஒரு ஜோடி. அந்த ஷார்ன்ஹோர்ஸ்ட் 1943 டிசம்பர் 26 அன்று வடமுனைக் கடலில் மூழ்கியபோது, கிட்டத்தட்ட 2000 பேரில் 36 பேரே மீட்கப்பட்டார்கள். இரண்டும் டிசம்பர், இரண்டையும் மூழ்கடித்தது பிரிட்டிஷ் கடற்படை. ஆண்டைப் போடாமல் எழுதினால் கலந்துவிடும்.

அந்த முதல் ஷார்ன்ஹோர்ஸ்டில் இறந்த தளபதி மாக்சிமிலியன் ஃபான் ஸ்பே. அவருடைய மகன்கள் இருவரும் அதே நாளில் வேறு வேறு கப்பல்களில் இறந்தார்கள். இருபது ஆண்டு கழித்து அட்மிரல் கிராஃப் ஸ்பே என்ற கப்பலுக்கு அவர் பெயரை வைத்தவர் அவருடைய மகள். 1939 டிசம்பரில் மான்டிவிடியோ அருகே அதன் மாலுமிகளே அதை வெடி வைத்து மூழ்கடித்தார்கள். ஒரு கப்பலில் இறந்தவர் அடுத்த கப்பலின் பெயராகிறார் என்பதைக் கவனித்துப் படித்தால்தான் இந்த வரலாறு பிடிபடும்.

குடும்பப் பெயரை வைத்து ஊகிப்பதும் ஆபத்து. 2017இல் படையில் சேர்ந்த ஜெரால்ட் ஆர். ஃபோர்டு விமானந்தாங்கி அமெரிக்கக் குடியரசுத் தலைவருடைய பெயர் கொண்டது. அதற்கு முன்பே இருந்த ஃபோர்டு என்ற சிறிய போர்க்கப்பல், வியட்நாமில் 1968இல் இறந்த பேட்ரிக் ஃபோர்டு என்ற மாலுமியுடையது. மெக்கெய்ன் கப்பலோ தாத்தா, அப்பா என்ற இரு அட்மிரல்களின் பெயரில் தொடங்கியது. பேரனான செனட்டர் ஜான் மெக்கெய்னை அதில் சேர்த்தது 2018இல்தான்.

இறந்தவர்களுக்குத்தான் பெயர் வைப்பார்கள் என்பதும் சரியல்ல. ஆர்லி பர்க் கப்பல் 1991இல் படையில் சேர்ந்தபோது அட்மிரல் பர்க் விழாவுக்கே வந்திருந்தார். தேதிகளிலும் கவனம் வேண்டும்: நீரில் இறக்கும் நாள் வேறு, படையில் சேர்க்கும் நாள் வேறு. இடையில் ஆண்டுகள் போகும். பெயரும் மாறலாம். சான்சலர்ஸ்வில் என்ற கப்பல் 2023இல் ராபர்ட் ஸ்மால்ஸ் ஆனது. அடிமையாக இருந்த ஸ்மால்ஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தென் மாநிலப் படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு விடுதலைக்குத் தப்பியவர். 2023க்கு முந்தைய சம்பவத்தை எழுதும்போது பழைய பெயரையே எழுத வேண்டும்.

பெயரில் உள்ள சின்னச் சொல்லையும் வெட்டக் கூடாது. அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவைச் சேர்ந்த சல்லிவன் சகோதரர்கள் ஐந்து பேர், 1942 நவம்பரில் ஜூனோ என்ற ஒரே கப்பல் மூழ்கியதில் இறந்தார்கள். அவர்கள் நினைவாகக் கட்டுமானத்தில் இருந்த ஒரு கப்பலுக்கு முதலில் "சல்லிவன்" என்றே பெயர் மாற்றினார்கள். அது ஒருவரைத்தான் குறிக்கும் என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அதை "தி சல்லிவன்ஸ்" ஆக்கினார். 1943 ஏப்ரலில் அதை நீரில் இறக்கி வைத்தவர் அந்த ஐவரின் தாய் அலெட்டா.