ஏற்காட்டு மூடுபனி மட்டும் போதாது: தேவதைக் கதைகளைக் கோதிக் கதைகளாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியத் தேவதைக் கதைகளைக் கோதிக் பாணியில், அதாவது பழைய மாளிகை, மறைக்கப்பட்ட குற்றம், விலகாத அச்சம் ஆகியவற்றைக் கொண்டு மறுபடி எழுதிப் பார்க்கும் ஆர்வம் சேலத்தில் எழுதத் தொடங்கியிருக்கும் சிலரிடம் தென்படுகிறது. மலையடிவாரத்து ஊருக்கு இது பொருத்தமான ஆசைதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், ஏற்காட்டில் மூடுபனியும், சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளும், ஓடு வேய்ந்த பழைய பங்களாக்களும் ஆயத்தமாக நிற்கின்றன. அப்படி ஆயத்தமாக நிற்பதுதான் சிக்கலும். என் பார்வைக்கு வந்த கைப்பிரதிகளில் பெரும்பாலானவை, வெளுத்த துணி போன்ற கதை ஒன்றுக்கு வெளியிலிருந்து கறுப்புச் சாயம் ஏற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை. கதைக்குள் ஏற்கெனவே இருக்கும் இருளை, கதை அவசரமாகத் தாண்டிச் செல்லும் இடங்களில் தேடியெடுப்பதே இந்த வேலை என்பது என் கருத்து. இங்கே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அதை மறப்பதால் வருபவை.

மூலக் கதையைப் படிக்காமலே எழுதத் தொடங்குவது முதல் தவறு. ஸ்நோ ஒயிட்டை இளவரசன் முத்தமிட்டு எழுப்பினான் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது 1937 ஆம் ஆண்டுத் திரைப்படம் தந்த நினைவு. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதையில் முத்தமே கிடையாது. இளவரசன் கண்ணாடிப் பேழையைக் காண்கிறான், குள்ளர்களிடம் அதை விலைக்குக் கேட்கிறான், அவர்கள் மறுத்ததும், அவளைப் பார்க்காமல் தன்னால் வாழ முடியாது என்று சொல்லி அன்பளிப்பாகவாவது தரும்படி வேண்டுகிறான். பணியாட்கள் பேழையைத் தூக்கிச் செல்லும்போது இடறுகிறார்கள். அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே விழுகிறது. இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் ஒரு பெண்ணின் உடலைத் தன் மாளிகைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள விரும்பும் ஓர் ஆண்மகன் இந்தக் கதையின் நாயகன் என்பதை ஒரு கணம் நிதானித்துப் பார்த்தால், புதிதாகப் பேயையோ இரத்தக் காட்டேரியையோ தேடிப் போக வேண்டிய தேவை இராது. அவள் எழுந்திருக்காமலே போயிருந்தால் அந்த மாளிகையில் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி ஒரு முழுக் கதைக்குப் போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மூலக் கதைகள் எல்லாமே கொடூரமானவை, பின்னால் வந்தவர்கள்தான் அவற்றை இனிப்பாக்கினார்கள் என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். உண்மை இவ்வளவு நேரானதாக இல்லை. கிரிம் சகோதரர்களின் தொகுப்பு 1812 இல் முதல் பகுதியாக வந்து, திருத்தித் திருத்தி 1857 இல் ஏழாம் பதிப்பை எட்டியது. முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்ல நினைத்தவள் பெற்ற தாய். 1819 இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்டிருக்கும் ரபன்சல், தன் ஆடைகள் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகின்றன என்று கள்ளமில்லாமல் கேட்டுத் தன் கருவைக் காட்டிக்கொடுக்கிறாள். அந்த வரியும் பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்திப் பிடுங்கும் தண்டனை முதல் பதிப்பில் இல்லை; அது 1819 இல் சேர்க்கப்பட்டது. தாய்மையையும் உடலையும் பற்றிய உண்மைகளை மறைத்த அதே கைகள்தான் தண்டனையைக் கூட்டின. எதை மறைக்க வேண்டும், எதைக் காட்டலாம் என்று அந்தக் காலம் எடுத்த முடிவே நமக்குப் பயன்படும் செய்தி; 'உண்மையான மூலம்' என்று ஒன்றைத் தேடி அலைவதில் பயன் குறைவு.

இரத்தத்தை அள்ளிக் கொட்டும் தவற்றைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, ஏனெனில் இது எளிதில் விளங்கக்கூடியது. கோதிக் புதினங்களை எழுதிய ஆன் ராட்கிளிஃப், அவர் மறைவுக்குப் பின் 1826 இல் வெளிவந்த கட்டுரையில் அச்சத்தையும் அருவருப்பையும் பிரித்துக் காட்டினார்: வரப்போவதைப் பற்றிய அச்சம் மனத்தை விரிக்கும், கண்ணெதிரே கிடக்கும் கோரம் அதைச் சுருக்கி உறைய வைக்கும். சார்ல் பெரோ 1697 இல் வெளியிட்ட நீலத்தாடிக் கதை, மனைவியரைக் கொன்று அறையில் பூட்டி வைக்கும் பணக்காரன் ஒருவனையும், தடையை மீறி அந்த அறையைத் திறக்கும் புது மனைவியையும் பற்றியது. அறைக்குள் கிடக்கும் உடல்களைக் கதை ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிடுகிறது. அதன் பிறகு கதையைக் கொண்டுசெல்வது சாவியில் படிந்த கறை: ஒரு பக்கம் தேய்த்துக் கழுவினால் மறுபக்கத்தில் வந்துவிடுகிறது. பிணங்களின் வருணனையை மூன்று பக்கத்துக்கு நீட்டியவர்கள் சாவியை மறந்துவிட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

அதே நீலத்தாடிக் கதையில் யாரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. அவனுக்கு வாரிசு இல்லை. அவன் கொல்லப்பட்ட பிறகு சொத்து முழுவதும் மனைவிக்கு வருகிறது. அதைக் கொண்டு அவள் தன் சகோதரிக்குத் திருமணம் செய்து வைக்கிறாள், அண்ணன்மாருக்குப் படையில் தலைவர் பதவி வாங்கித் தருகிறாள். முன்பு கொல்லப்பட்ட பெண்களின் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்று கதை சொல்வதில்லை. கோதிக் வடிவத்தின் தொடக்கமாகக் கருதப்படும், ஹொரேஸ் வால்போல் 1764 இல் வெளியிட்ட புதினத்தின் அடியிலும் இதே போன்ற ஒரு விவகாரம்தான் கிடக்கிறது: உரிமையாளருக்கு நஞ்சு வைத்து, போலி உயிலைக் காட்டிக் கோட்டையை எடுத்துக்கொண்டவனின் பேரன்தான் அங்கே பிரபுவாக அமர்ந்திருக்கிறான். கோட்டை, மூடுபனி, கிறீச்சிடும் கதவு ஆகியவை அதன் பிறகுதான். வில்லங்கச் சான்று எடுக்காமல் சேலத்தில் யாரும் மனை வாங்குவதில்லை. கோதிக் கதை எழுத உட்காருபவர் மட்டும் தன் மாளிகையின் தாய்ப் பத்திரத்தைக் கேட்காமலே குடியேறிவிடுகிறார்.

இதனால்தான் ஏற்காட்டு பங்களாவை வெறும் பின்னணித் திரையாகத் தொங்கவிடுவது பெரிய பிழையாகிறது. சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது பதிவான வரலாறு. காப்பி வந்தால் நிலம் அளக்கப்படும், காடு திருத்தப்படும், பழம் பறிக்க ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு லைன் வீடுகள் எழும். ஆகவே உங்கள் பங்களாவின் தரைப்பலகை நள்ளிரவில் முனகுவதற்கு முன்னால், அந்த நிலம் அதற்கு முன் யாருடைய வழித்தடமாக இருந்தது, கூலிக் கணக்கு எழுதப்பட்ட ஏடு எங்கே போனது, மூடியிருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பனவற்றுக்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். விடையைக் கதையில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும், கதவு தானாகக் கனக்கும்.

இந்த இடத்தில் ஒரு தவற்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பியக் கதையில் காட்டுக்குள் வாழும் சூனியக்காரிக்கு மாற்றாக, மலையில் காலங்காலமாக வாழும் மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருத்தியை வைத்துவிடுவது எளிய வழியாகப் பலருக்குத் தோன்றுகிறது. அவர்களுக்குச் சேர்வராயன் கோயிலும், மே மாதத் திருவிழாவும், தங்களுக்கென்று வழிபாட்டு முறையும் உண்டு. உயிரோடு இருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் நம்பிக்கையைப் பில்லி சூனியமாக்கி, வெளியூரிலிருந்து வந்த நாயகியை அதனிடமிருந்து தப்பிக்க வைப்பது நியாயமுமில்லை, கதைக்கு உதவுவதுமில்லை. நிலத்தை எடுத்துக்கொண்டவன் பாதிக்கப்பட்டவனாகவும், நிலத்தில் இருந்தவர்கள் பேயாகவும் ஆகிவிட்டால், வீட்டின் பழைய குற்றம் எங்கே இருக்கிறது என்பதையே கதை தவறாகக் காட்டிவிடும்.

அடுத்து, பொருள்களை இடம் மாற்றும்போது நேரும் பிழைகள். எனக்கு மிகவும் சுவையாக இருப்பது இந்தப் பகுதிதான். சேலத்தில் சிண்ட்ரெல்லாவை எழுதுபவர்களின் கை, கொலுசுத் தொழிலுக்குப் பெயர்போன செவ்வாய்ப்பேட்டையை நினைத்துக்கொண்டு நேராக வெள்ளிக் கொலுசுக்குப் போகிறது. அழகான எண்ணம், ஆனால் கதை உடைந்துவிடுகிறது. காலணி ஒருத்திக்கு மட்டுமே பொருந்துவதால்தான் அவளைக் கண்டுபிடிக்க முடிகிறது; கொக்கி வைத்த கொலுசோ ஊரிலுள்ள பாதிப் பேருக்குப் பொருந்தும். கிரிம் கதையில், தங்கக் காலணிக்குள் கால் நுழையாதபோது தாய் கத்தியைக் கொடுத்து, நீ அரசியானால் நடக்கவே வேண்டியிராது, விரலை வெட்டு என்கிறாள். இளையவளிடம் குதிகாலை வெட்டச் சொல்கிறாள். இந்தக் கொடுமை நிற்க வேண்டுமானால், வளையாத, முழு வட்டமான கால்காப்பு ஒன்று வேண்டும். குதிகாலைத் தாண்டி ஏற மறுக்கும் அந்தக் காப்பு, கத்தியைத் தானே அழைக்கும். அது மட்டுமன்று, தமிழில் ஒற்றைச் சிலம்பைக் கையில் எடுத்த உடனேயே கண்ணகி வந்து நிற்பாள். அவளை வரவழைத்துவிட்டுப் பேசாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

தேவதைக் கதைகளில் வரும் ஓநாயும் அப்படித்தான். நம் நாட்டு ஓநாய் பெரும்பாலும் வறண்ட புதர்க்காட்டிலும் திறந்த வெளியிலும் வாழும் விலங்கு. அதை நிழலடர்ந்த காப்பித் தோட்டத்துக்குள் உலவ விட்டால், மலையை அறிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழப்பார். கரடியூர் என்ற பெயரே அங்கிருக்கும்போது ஓநாயைக் கட்டி இழுத்து வருவானேன்?

பனியைப் பொறுத்தவரை நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஸ்நோ ஒயிட்டின் தொடக்கத்தில் அரசி கருங்காலிச் சட்டமிட்ட சன்னலருகே தைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசி குத்தி மூன்று துளி இரத்தம் பனியில் விழுகிறது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு மூன்றும் கலந்த குழந்தை வேண்டும் என்று விரும்புகிறாள். ஏற்காட்டில் உறைபனி பொழிவதில்லை. ஆனால் கோடை மழை விழுந்த சில நாள்களில் காப்பிச் செடிகள் ஒரேயடியாக வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல் மணக்கும். அந்தப் பூ ஏறக்குறைய எட்டு, ஒன்பது மாதத்தில் சிவந்த பழமாகும். பழத்தின் கொட்டை வறுபட்டுக் கறுக்கும். மூன்று நிறமும், ஏறத்தாழ ஒரு கருப்பக் காலமும் அந்தச் செடியிலேயே இருக்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வெள்ளைத் தோலே அழகு என்ற பழைய கணக்கை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம் கேட்கும் வீடுகளில், யார் அதிக வெளுப்பு என்று பதில் சொல்லும் கண்ணாடி ஒன்று சுவரில் தொங்கினால், மாயம் எதுவுமின்றியே அது அச்சமூட்டும்.

சுவிஸ் அறிஞர் மாக்ஸ் லூத்தி 1947 இல் எடுத்துக்காட்டியபடி, தேவதைக் கதையின் மாந்தர்களுக்கு உள்ளாழம் கிடையாது. ஓநாய் பேசினால் அவர்கள் வியப்பதில்லை. கோதிக் கதையோ வியப்பிலும் சந்தேகத்திலும்தான் உயிர் வாழ்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த இழுபறியை உணராதவர்கள், தீயவள் ஒவ்வொருத்திக்கும் துயரமான இளமைப் பருவத்தைச் சேர்த்து, அவள் ஏன் அப்படியானாள் என்று விளக்கி முடித்துவிடுகிறார்கள். விளக்கம் கூடக் கூட அச்சம் வடியும். நல்லவளைத் தீயவளாகவும் தீயவளை நல்லவளாகவும் தலைகீழாக்குவது மட்டுமே மறுகூறல் ஆகிவிடாது. கதையின் கேள்வி மாறாமல் விடைகள் மட்டும் இடம் மாறியிருக்கும். பசியைக் கவனியுங்கள். கிரிம் கதையில் ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணனும் தங்கையும் காட்டில் விடப்படுவது பஞ்சத்தால்; அங்கும் முதலில் இருந்தவள் பெற்ற தாய்தான், 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் வருகிறாள். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு குழந்தைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காளின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தத் தாயைப் புரிந்துகொள்ள உளவியல் விளக்கம் தேவையில்லை.

நடை குறித்துச் சுருக்கமாக: எல்லா இரவும் கும்மிருட்டாகவும், எல்லாக் காற்றும் ஊளையிடுவதாகவும் இருந்தால் எதுவும் இருட்டாக இராது. வாய்மொழிக் கதையில் ஒன்றே மும்முறை திரும்ப வருவதையும், வறண்ட, நேரான வாக்கியத்தையும் காப்பாற்றிக்கொண்டு, மூன்றாம் முறை மட்டும் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாக உரிமை பற்றிய செய்தி. பெரோ 1703 இலும், கிரிம் சகோதரர்களில் இளையவர் 1859 இலும் மூத்தவர் 1863 இலும், டேனிய எழுத்தாளர் ஆண்டர்சன் 1875 இலும் மறைந்தவர்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை நீடிக்கும் என்பதால் அவர்களுடைய கதைகளை யாரும் எடுத்தாளலாம். ஆனால் நீங்கள் படித்த தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. அதன் வாக்கியங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏழு குள்ளர்களுக்கும் கிரிம் கதையில் பெயரே கிடையாது. நாம் அறிந்த பெயர்கள் 1937 ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கு உரியவை. உங்கள் குள்ளர்கள் சுரங்கத்தில் வேலை செய்பவர்களாக இருந்தால், சேலத்தின் வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு நீங்களே பெயர் வையுங்கள்.