குடிக்கும் தம்பியிடம் எல்லை வைப்பது: முதல் முறை செய்பவர்களுக்கு

பைபிளில் கலாத்தியர் 6:2 "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறது. மூன்று வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறது. தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் முதலாவது 'பாரோஸ்', ஆளை அமுக்கும் சுமை. இரண்டாவது 'ஃபோர்ட்டியோன்', அவரவர் மூட்டை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்: சரிவில் விழுந்தவரைத் தூக்கிவிடுவோம், அவர் மூட்டையையும் தினமும் நாமே எடைக்குக் கொண்டுபோக மாட்டோம்.

முதலில் ஒரு நோட்டில், கடந்த 30 நாளில் தம்பிக்காகச் செய்ததையெல்லாம் எழுதுங்கள். கைக்காசு, கடையில் அடைத்த கடன், மேஸ்திரியிடம் "காய்ச்சல்" என்று சொன்ன பொய். ஒவ்வொன்றிலும் கேளுங்கள்: நான் செய்யாமல் விட்டால் அவன் உயிருக்கு ஆபத்தா, சங்கடம் மட்டுமா? சங்கடம் மட்டும் என்றால் அது அவன் மூட்டை.

அந்த மூட்டைகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதை இனி நான் சுமக்க மாட்டேன் என்பதுதான் எல்லை. வாக்கியம் "நான்" என்று தொடங்கட்டும். "நீ குடிக்கக் கூடாது" என்பது அவன் கையில் இருக்கிறது. "நான் இனி காசு தரமாட்டேன், பசித்தால் சோறு உண்டு" என்பது உங்கள் கையில்.

காலையில், போதை தெளிந்தபின், பிள்ளைகள் இல்லாதபோது இரண்டே நிமிடத்தில் சொல்லுங்கள். பழைய கணக்கை எடுக்காதீர்கள்.

பெரும்பாலும் தவறுவது இதற்குப் பிறகுதான். முதல் வாரம் கெஞ்சலும் கோபமும் கூடும். மூன்றாம் முறை கேட்கும்போது கொடுத்தால், மூன்று முறை கேட்டால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். அம்மா அடுக்களையில் ரகசியமாகக் கொடுத்தாலும் அதே கதைதான். ஆகவே வீட்டாரிடம் முன்பே பேசி வையுங்கள். ஜெபக்கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி விண்ணப்பம் வைக்காதீர்கள். வெட்கம் அவனை இன்னும் ஒளிந்து குடிக்க வைக்கும்.

இரவில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது எல்லை அல்ல. போதையில் உடல் சூடு வேகமாக இறங்கும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அது உயிரைக் குடிக்கும். தேயிலைக்காட்டுப் பாதையில் கரடியும் காட்டெருமையும் வேறு. அவன் கை ஓங்கினால் மட்டும் பேச்சை விட்டு, பிள்ளைகளோடு வெளியேறி, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

தினமும் நிறையக் குடிப்பவரை உபவாச ஜெபம் என்று அறையில் பூட்டவும் கூடாது. திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் நடுக்கமும் உயிராபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ஜெபம் கட்டிலருகே நடக்கட்டும். குடியை விட வழி கேட்க போதை மீட்பு உதவி எண் 14446, உங்கள் மனம் சோர்ந்தால் மனநல உதவி எண் 14416.

முதல் எல்லை நான்கு வாரம் நின்ற பிறகு, நோட்டில் இருந்து இரண்டாவதை எடுங்கள்.